பார்வையற்ற பெண்ணிடம் அடையாளம் கேட்ட நீதிமன்றம்



முஸ்லிம் சமுதாயங்களில் பெண் உரிமை என்ற பேச்சு எழுந்தால் முகத்திரை, பலதார மணம், தலாக் ஆகிய மூன்றும் உடனே மேடைக்கு வந்துவிடுகின்றன. உடற்குறையுள்ளோர் உரிமை என்றால் சக்கர நாற்காலி, ஸகாத் உதவி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனி மாநாடு, தனித்தனி தீர்மானம். உடற்குறையுள்ள ஒரு பெண் நியாயம் கேட்டு நீதிமன்றப் படியேறினால் அவள் எந்தக் கணக்கில் வருகிறாள் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் நடந்த ஒரு வழக்கு அந்தக் கேள்வியை எழுப்பியது.

பஞ்சாப் மாநிலத்தின் சாஹிவால் பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழை விவசாயியின் மகள் அவர். இளம்பெண். கண்பார்வை ஏறத்தாழ இல்லை. அங்குள்ள நிலக்கிழார் ஒருவரின் வீட்டில் வீட்டு வேலை செய்துவந்தார். அந்த வீட்டின் மகன் தன்னைப் பலாத்காரம் செய்தார், பிறகு தந்தையும் அதையே செய்தார் என்பது அவருடைய புகார். அவர் கருவுற்றார், குழந்தை பிறந்து இறந்தது. பெண்ணின் தகப்பனார்தான் போலீசில் புகார் கொடுத்தார். வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் மீது போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பார்வையில்லாத பெண் எதிரியைப் பார்த்து அடையாளம் காட்டுவது எப்படி? அதோடு நின்றிருந்தால் உலகெங்கும் நடக்கும் நூறு வழக்குகளில் இதுவும் ஒன்றாகியிருக்கும். ஆனால் திருமணமாகாத பெண் கருவுற்றதே அவர் முறைகேடான உறவில் ஈடுபட்டதற்குச் சான்று என்று கொண்டு, அதே நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறை, 15 கசையடி, 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர் குற்றவாளியானார்.

இதற்கு வழி திறந்துவிட்டது 1979 பிப்ரவரியில் ஜெனரல் ஸியாவுல் ஹக் ஆட்சி பிறப்பித்த ஹுதூத் அவசரச் சட்டங்கள். பலாத்காரம் நடந்ததை நிரூபிக்க நான்கு ஆண் சாட்சிகள் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னதாகப் பலரும் எழுதுவதுண்டு. அது பாதி உண்மைதான். நான்கு சாட்சி நிபந்தனை 'ஹத்' எனப்படும் உச்ச தண்டனைக்கு மட்டும் உரியது. அதற்குக் கீழே 'தஃஸீர்' என்று நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்ட தண்டனை ஒன்று இருந்தது. அதற்குச் சாதாரண சாட்சியமே போதும். நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் இந்த இரண்டாம் வகையிலேயே நடந்தன. சாஹிவால் பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் இதன் கீழ்தான்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பலாத்காரத்தையும் விபசாரத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். தன் மீது பலாத்காரம் நடந்தது என்று ஒரு பெண் சொன்னால், உறவு நடந்ததை அவள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள் என்றாகிவிட்டது. பலாத்காரம் நிரூபணமாகவில்லையா? அப்படியானால் மிஞ்சுவது விபசாரம். புகார் மனுவே வாக்குமூலமாக மாறியது. ஆணுக்கு எதிராகச் சாட்சியம் போதாது என்ற அதே நீதிமன்றத்துக்குப் பெண்ணுக்கு எதிராக அவளுடைய வயிறே போதுமானதாக இருந்தது.

இதை இஸ்லாமியச் சட்டம் என்று அழைத்தார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது அதனால்தான். நான்கு சாட்சிகள் என்ற நிபந்தனை திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரில் வருகிறது. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவர முடியாதவர்களுக்கு 80 கசையடி என்பது அந்த வசனத்தின் கருத்து. நிபந்தனை பழி சொல்பவனுக்கு, பாதுகாப்பு பெண்ணுக்கு. தொழுகைக்குச் சென்ற வழியில் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண்ணை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்டனையின்றி அனுப்பிவைத்த செய்தி திர்மிதி, அபூதாவூத் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. கருவுற்றதையே குற்றத்தின் சான்றாகக் கொள்வது மாலிக்கி மத்ஹபின் கருத்து. அவர்களும் பலவந்தம் நடந்ததற்கு அறிகுறி இருந்தால் தண்டனையை நிறுத்திவிடுவார்கள். ஹனஃபி மத்ஹபு அதைச் சான்றாகவே ஏற்பதில்லை. பாகிஸ்தான் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அங்கே எந்த மத்ஹபின்படி அந்தப் பெண்ணுக்குக் கசையடி விதிக்கப்பட்டது என்பதற்கு நேரான பதில் கிடைப்பது கடினம்.

பார்வையற்றவரின் சாட்சியம் பற்றியும் பழைய அறிஞர்கள் விவாதிக்காமல் விடவில்லை. இமாம் அபூஹனீஃபா அவர்கள் அதை ஏற்கவில்லை. இமாம் மாலிக் அவர்களோ, குரலைக் கேட்டு ஆளை அறிந்துகொள்ளக்கூடிய விஷயங்களில் அது செல்லும் என்றார்கள். ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரி அவர்கள் தமது நூலில் சாட்சியங்கள் பற்றிய பகுதியில் பார்வையற்றவரின் சாட்சியத்துக்கென்றே ஒரு பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாடத்தில் இடம்பெறும் செய்திகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கைப் பற்றியது.

இந்த நபித்தோழர் பார்வையற்றவர். 'அபஸ' எனும் 80ஆம் அத்தியாயம் இவரை முன்னிட்டே இறங்கியது என்பதைப் பலரும் அறிவார்கள். குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இவர் குறுக்கிட்டதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளித்தார்கள். அதற்காக இறைவன் தன் தூதரையே கண்டித்தான். மேடைகளில் இந்தச் சம்பவம் இரக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும். அதற்குப் பின் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. மதீனாவில் ரமலான் இரவில் பிலால் (ரலி) அவர்கள் ஒரு பாங்கு சொல்வார்கள். அதன் பிறகும் மக்கள் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூம் சொல்லும் பாங்கு கேட்டால்தான் உண்பதை நிறுத்த வேண்டும். விடியலைக் கண்ணால் காண முடியாதவரின் குரலை நம்பி ஓர் ஊரே நோன்பைத் தொடங்கியது. விடிந்துவிட்டது என்று பக்கத்தில் உள்ளவர்கள் அவரிடம் சொல்வார்கள்; அதன் பிறகே அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸிலேயே இருக்கிறது. ஊர் அவருக்குக் கண்ணைக் கடன் கொடுத்தது. அவர் ஊருக்குக் குரல் கொடுத்தார். நபிகள் பயணம் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் சில வேளைகளில் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சாஹிவால் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணைக் கடன் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவர் வேலை செய்த வீட்டில் அன்றாடம் கேட்ட குரல்களை அவர் அறிந்திருக்க மாட்டாரா?

செய்தி வெளியே வந்ததும் பெண்கள் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. 1981இல் கராச்சியில் தோன்றிய மகளிர் செயற்பாட்டு மன்றம் அப்போது முன்னணியில் இருந்தது. லாகூரில் பெண்களே நடத்திய வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொடங்கியிருந்த அஸ்மா ஜஹாங்கீர், ஹினா ஜிலானி சகோதரிகளும் ஹுதூத் வழக்குகளில் சிக்கிய பெண்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. 1983 பிப்ரவரி 12ஆம் தேதி லாகூரில் புதிய சாட்சியச் சட்ட வரைவை எதிர்த்து ஊர்வலம் சென்ற பெண்கள் மீது போலீசார் தடியடி நடத்தினர். பிற்காலத்தில் அந்த நாளே பாகிஸ்தானின் தேசிய மகளிர் தினமாயிற்று. தடியடி பட்டவர்கள் எதிர்த்த சட்டம் 1984இல் வந்தே தீர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடன், ஒப்பந்த விவகாரங்களில் ஓர் ஆணின் இடத்துக்கு இரண்டு பெண் சாட்சிகள் என்றது அந்தச் சட்டம்.

பார்வையற்ற பெண்ணின் வழக்கில் வெற்றி கிடைத்தது. எதிர்ப்பு நாட்டுக்கு வெளியிலும் பரவியதால், கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் வழக்கை எடுத்து ஆராய்ந்து 1983இல் தண்டனையை ரத்து செய்தது. தன்னைப் பலவந்தப்படுத்தினார்கள் என்று ஒரு பெண் கூறும்போது, கருவுற்றதை மட்டும் வைத்து அவளைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஷரியத் நீதிமன்றமே மார்க்க அறிஞர்களின் நூல்களைக் காட்டி இதைச் சொன்னது. மார்க்கத்தை விட்டு வெளியேறினால்தான் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும் என்பவர்களும், மார்க்கத்தின் பெயரில் வந்த எதையும் தொடக்கூடாது என்பவர்களும் அந்தத் தீர்ப்பை வாசிப்பது நல்லது.

ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. ஒருவருக்கு விடுதலை கிடைத்ததால் அடுத்தவருக்குக் கதவு திறந்துவிடவில்லை. இந்தச் சிந்தனை பாகிஸ்தான் எல்லைக்குள் நின்றுவிடவும் இல்லை. மலேசியாவில் கிளந்தான் சட்டமன்றம் 1993 நவம்பரில் நிறைவேற்றிய ஷரியா குற்றவியல் சட்டத்திலும் மணமாகாத பெண் கருவுறுவதைச் சான்றாகக் கொள்ளும் விதி இருந்தது. சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பினர் ஆட்சேபித்த விதிகளில் அதுவும் ஒன்று. கூட்டரசு அரசியலமைப்பு இடம் தராததால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. நைஜீரியாவின் கட்சினா மாநிலத்தில் 2002இல் கல்லெறி தண்டனை வரை போன ஒரு பெண்ணின் வழக்கிலும் கருவே முக்கியச் சான்றாக இருந்தது. 2003 செப்டம்பரில் ஷரியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

பாகிஸ்தானில் மாற்றம் வர 2006 ஆயிற்று. அந்த ஆண்டு ஜியோ தொலைக்காட்சி, ஹுதூத் அவசரச் சட்டம் இறைவனின் சட்டமா, மனிதர் எழுதிய சட்டமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு தொடர் விவாதம் நடத்தியது. பல பிரிவுகளைச் சேர்ந்த மார்க்க அறிஞர்கள் திரையில் தோன்றி ஒருவரோடு ஒருவர் வாதிட்டனர். அதுவரை தொடவே முடியாது என்று கருதப்பட்ட சட்டத்தைத் தேநீர்க்கடைகளில்கூட பேச முடிந்தது. தொலைக்காட்சி கருத்தரங்குகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். மதக் கட்சிகளின் எதிர்ப்பையும் மீறி, மகளிர் பாதுகாப்புச் சட்டம் 2006 இறுதியில் நிறைவேறியது. பலாத்காரம் மீண்டும் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள் வந்தது. பலாத்காரப் புகாரை விபசார வழக்காக மாற்றும் வழி அடைபட்டது. ஒருவர் மீது விபசாரப் பழி சொல்ல விரும்புபவர் நான்கு சாட்சிகளோடு நேராக செஷன்ஸ் நீதிபதியிடம் செல்ல வேண்டும். 27 ஆண்டுகளுக்குப் பின் அந்த நான்கு சாட்சிகள் தங்களுக்குரிய இடத்துக்குத் திரும்பினார்கள்.

உடற்குறை பற்றிய பேச்சு இன்னும் தாமதமாக வந்தது. 2013இல் இஸ்லாமியச் சிந்தனைக் கவுன்சில், பலாத்கார வழக்குகளில் மரபணுச் சோதனையை முதன்மைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று கருத்துரைத்தது. எதிரியைப் பார்க்க முடியாத, பேச முடியாத, நடந்ததை விளக்கத் தெரியாத பெண்களுக்கு அந்தச் சோதனை எவ்வளவு பெரிய துணை என்பது அங்கே எடைபோடப்பட்டதாகத் தெரியவில்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தம் மரபணுச் சோதனைக்கு இடம் கொடுத்தது. உடலிலோ மனநிலையிலோ குறையுள்ள ஒருவரைப் பலாத்காரம் செய்பவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றும் அதில் எழுதப்பட்டது. சாஹிவால் பெண்ணின் தண்டனை ரத்தாகி 33 ஆண்டுகள் கழித்துத்தான் அவரைப் போன்றவர்கள் அந்தச் சட்டப் புத்தகத்தில் தனியாகக் குறிப்பிடப்பட்டார்கள்.

இத்தனைக்கும் உடற்குறையுள்ளோருக்கென ஒரு சட்டம் பாகிஸ்தானில் முன்பே இருந்தது. அதைக் கொண்டுவந்ததும் அதே ஸியாவுல் ஹக் ஆட்சிதான். 1981ஆம் ஆண்டை ஐ.நா. உடற்குறையுள்ளோர் ஆண்டாக அறிவித்தபோது, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் நூற்றுக்கு ஓர் இடம் அவர்களுக்கு என்றது அந்த அவசரச் சட்டம். பின்னர் அது இரண்டானது. ஒரு கையால் வேலை ஒதுக்கீட்டில் கையெழுத்திட்ட ஆட்சியின் இன்னொரு சட்டத்தின் கீழ், வீட்டு வேலை செய்த பார்வையற்ற பெண்ணுக்குக் கசையடி விதிக்கப்பட்டது. நிலக்கிழார் வீட்டு வேலைக்காரிக்கு எந்த ஒதுக்கீடும் எட்டாது என்பது தனிக் கதை.

2018இல் பஞ்சாபில் யூசுஃப் சலீம் என்ற வழக்கறிஞர் நீதிபதிப் பதவிக்கான எழுத்துத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். நேர்முகத் தேர்வில் அவரை நிராகரித்தார்கள். காரணம், அவர் பார்வையற்றவர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலையிட்ட பிறகு அவர் சிவில் நீதிபதியானார். அந்த நாட்டில் பார்வையற்ற ஒருவர் நீதிபதியாவது அதுவே முதல் முறை. அவருடைய சகோதரி சாய்மா சலீமும் பார்வையற்றவர். பாகிஸ்தானின் தூதரகப் பணியில் சேர்ந்த அவர், 2021இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரெய்ல் தாளை விரலால் தடவிப் படித்தபடி தம் நாட்டின் பதிலுரையை வழங்கினார். படித்த குடும்பம், பள்ளிக்கூடம், பிரெய்ல் புத்தகம் எல்லாம் அவர்களுக்கு வாய்த்தன. சாஹிவாலில் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கு வாய்த்தது புகார் எழுதிக் கொடுக்க முன்வந்த தகப்பனார் ஒருவர்தான். அவர் கொடுத்த அந்தப் புகாருக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.