மண்ணு ஈரமா இருக்கு, செடி ஏன் வாடுது?

கரிசல் மண்ணைக் கையில் பிடித்தால் ஈரம் தெரியும். ஆனாலும் செடி வாடி நிற்கும். காரணம், மண்துகள் தண்ணீரை விடாமல் பிடித்திருக்கும். அந்தப் பிடி காற்றழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கானால், பெரும்பாலான பயிர்களின் வேரால் இழுக்க முடியாது. சரி, தண்ணிய நிரப்பிட்டா போதுமா? நெல் தாங்கும், மற்ற பயிர்களுக்குக் காற்றில்லாமல் வேர் திணறும்.

1931-ல் ரிச்சர்ட்ஸ் என்ற அறிஞர் மண்ணுக்குள் நீர் நகர்வதைச் சமன்பாடாக எழுதினார். இன்று ஹைட்ரஸ் போன்ற மென்பொருள் அதைக் கணக்கிட்டு, வேர் எவ்வளவு குடிக்கும், எவ்வளவு கீழே வீணாகும் என்று காட்டுகிறது. மண்வகையைத் தப்பா கொடுத்தா விடையும் தப்புதான். அதனால முதல்ல உங்க மண்ணைத் தெரிஞ்சுக்குங்க.

வேருக்கு வேண்டிய அளவு மட்டும் கொடுக்கச் சொட்டுநீர்ப் பாசனம் உதவும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. விவரம் உழவன் செயலியில் இருக்கு.