சட்டத்தில் ஆராய்ச்சி

சட்டம் பயின்றோர்க்கு வழக்காடுதல் ஒன்றே வழியன்று. ஆராய்ச்சியும் ஒரு வழி. அதன் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன்.

1965 பிப்ரவரியில், ஜெர்மானிய அறிஞர் டீட்ரிஷ் கான்ராட், காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவில் உரையாற்றினார். உயிருக்கும் உரிமைக்கும் காவலான 21-ஆம் உறுப்பையே ஓர் அரசியலமைப்புத் திருத்தம் அகற்றிவிடலாமோ என்று வினவினார். அவ்வினா 1967-இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூன்று நீதிபதிகளுள் எழுவர், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைத்தல் ஆகாது எனத் தீர்ப்பளித்தனர். வகுப்பறையில் எழுந்த வினா நாட்டின் அரணாயிற்று!

இத்தகைய வினாக்களை ஆராய, சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றோர் விண்ணப்பிக்கலாம். சில பிரிவினர்க்குச் சலுகை உண்டு. ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு. ஆய்வேட்டை வெளியறிஞர் இருவரேனும் மதிப்பிடுவர்; பின்னர் வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

எனினும் மதிப்பெண்ணினும் முதன்மையானது வினாவே. தீர்ப்பின்றியே சிறையில் நாள் கழிக்கும் விசாரணைக் கைதிகள் நம் நாட்டில் பலர். அவர்களுக்காக நல்லதொரு வினாவை உங்களுள் ஒருவர் எழுப்புவாரென நம்புகிறேன்.