கொடையும் உரிமையும்



நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கடல் கடந்த ஓர் அறக்கட்டளையின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடமும் வரி வாங்கிய அரசுகள், பள்ளிப் பணத்தைப் பெரிதும் வெள்ளையர் பள்ளிகளுக்கே செலவிட்டன. இந்நிலையில், யூதக் குடும்பத்தில் பிறந்த சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு, அடிமையாகப் பிறந்து கல்வியாளராய் உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனை 1911-இல் சந்தித்தார். மறு ஆண்டு அவர் அளித்த 25,000 டாலரில் ஒரு பகுதியைக் கொண்டு அலபாமாவில் 6 சிறு பள்ளிகள் எழுந்தன. 1917-இல் ரோசன்வால்டு நிதி என்னும் அறக்கட்டளை தோன்றியது.

அது முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஊரார் நிலமோ, பணமோ, உழைப்போ தரவேண்டும். அரசு பள்ளியை ஏற்று நடத்தவேண்டும் என்பது அதன் விதி. 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அறக்கட்டளை தந்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்ததோ ஏறத்தாழ 47 லட்சம்! பருத்திக் காட்டில் பாடுபட்டோரின் சிறுகாசு, செல்வரின் கொடையை விஞ்சியது. அப்பள்ளிகளை ரோசன்வால்டு கட்டினார் என்பது பாதி உண்மையே, மறுபாதி அம்மக்கள்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வரியாக ஒருமுறை, நன்கொடையாக மறுமுறை என, ஒரே கல்விக்கு அவர்கள் இருமுறை விலை கொடுத்தனர். கொடை பசியாற்றும், அநீதியை அகற்றாது. எனவேதான் அம்மக்கள் நீதிமன்றமும் ஏறினர். பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தம் மறைவுக்குப்பின் 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவிட்டுவிட வேண்டும் என்றார் ரோசன்வால்டு. அவர் 1932-இல் மறைந்தார். 1948-இல் நிதி தன் பணியை முடித்துக்கொண்டது. பெட்டியில் பணம் பெருகுவதன்று, பிள்ளைகள் உயர்வதே அறத்தின் அளவுகோல்.

பரோடா அரசின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். பெற்றவர் தருபவரானார். இளைஞர்களே! பிறர் தரும் உதவியை ஏற்போம். நம் பங்கையும் சேர்ப்போம். அரசிடம் நமக்குரியதைத் தலைநிமிர்ந்து கேட்போம். இக்கழகத்தால் படித்த ஒவ்வொருவரும் இன்னொரு பிள்ளையைப் படிக்க வைப்பீர்களாக என வேண்டி அமைகின்றேன்.