பாட்டுக்கும் ஒரு முகவரி உண்டு

(மட்டாஞ்சேரியில் நம் சங்கம் நடத்திய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் சந்தா பாக்கி பற்றிப் பேச்சில்லை. ரேஷன் அட்டை விண்ணப்பம் பற்றியும் பேச்சில்லை. ஒவ்வொருவரும் எழுந்து தமக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அதை முதலில் எங்கே கேட்டோம், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அறிவித்திருந்தோம். அறிவிப்பைப் படித்த சிலர், "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே நாம் இப்போது எழுந்திருக்கிறோம்.

இதுவரை பேசியவர்களைக் கவனித்தீர்களா? ராகம் நன்றாக இருந்தது, அதனால் பிடிக்கும் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. தோபி கானாவிலிருந்து வந்த பெரியவர் என்ன சொன்னார்? தம் தகப்பனார் துணி அடிக்கும்போது ஒரே ஒரு பாட்டைத்தான் முணுமுணுப்பார் என்றார். அந்தப் பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கல்லில் துணி விழுகிற ஓசைதான் அவருக்கு அதன் தாளம். பஜார் சாலையில் மூட்டை தூக்கும் தோழர், செங்கோட்டை மீட்டர் கேஜ் வண்டியில் கண்பார்வையற்ற ஒருவர் பாடிய பாட்டைச் சொன்னார். அந்தப் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி 2018இல் திறந்தாயிற்று. பழைய பெட்டி இல்லை. பழைய பாடகரும் இல்லை. தோழரிடம் அந்தப் பாட்டு மட்டும் இருக்கிறது.

வாத்துருத்தியிலிருந்து வந்த சகோதரி சொன்னதை நாம் எளிதில் மறக்கமாட்டோம். கைக்குழந்தையை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு, வேலைக்காக இங்கே கிளம்பிய அன்று பேருந்தில் ஒலித்த பாட்டு அது. இன்று எங்கே அது கேட்டாலும் உடனே அணைத்துவிடுவாராம். பிடித்த பாட்டு எது என்று கேட்டோம். அவர் தம்மால் கேட்க முடியாத பாட்டைச் சொன்னார். அதுவும் சரியான பதில்தான்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பாட்டைக் கவிஞர் எழுதுகிறார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார், பாடகர் பாடுகிறார். ஆனால் அந்தப் பாட்டு யாருடையது என்பதை அது போய்ச் சேர்ந்த இடம்தான் முடிவு செய்கிறது. பாட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்த முகவரி மிகவும் முக்கியம். ஏனென்றால் வேறு எந்த முகவரியும் நமக்கு நிலையாக இருந்ததில்லை.

இந்தத் துறைமுகத்தின் பழைய கதையை நினைத்துப் பாருங்கள். இங்கே சாப்பா முறை என்று ஒன்று இருந்தது. விடிவதற்கு முன் வேலை தேடி ஆள்கள் கூடுவார்கள். மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மேல் வீசுவான். அடித்துப் பிடித்து வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்றைய வேலை, மற்றவனுக்கு வெறுங்கை. அவன் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15ஆம் நாள் இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அந்தக் கதையை கே.எம். சிதம்பரன் நாடகமாக எழுதினார். 2023இல் 'துறமுகம்' என்ற மலையாளப் படமாகவும் வந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. இலங்கை வானொலி! நம் நாட்டில் வானொலி இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றே போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள்! வடக்கே இந்திக்காரர்களும் கொழும்பைத்தான் கேட்டார்கள். தெற்கே நாமும் கொழும்பைத்தான் கேட்டோம். கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. தரம் எது என்று மேலே இருப்பவர் சட்டம் போட்டால், கீழே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சி இருந்தது. பாட்டின் பெயரை எழுதி, கேட்பவர் பெயரையும், வீட்டார் பெயரையும், ஊரையும் எழுதி அனுப்ப வேண்டும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் தெளிந்த தமிழில் பாட்டை அறிவிப்பார்கள். 'இசையும் கதையும்' என்று இன்னொரு நிகழ்ச்சி. நேயர்கள் எழுதிய கதையின் நடுவே பொருத்தமான பாட்டுகள் வரும். நாம் இன்று இங்கே செய்துகொண்டிருப்பதும் ஏறத்தாழ அதுதான்.

ஒரு பக்கம் பெயர் கேட்காமல் தலைக்கு மேல் வீசப்பட்ட வில்லை. இன்னொரு பக்கம் இன்ன ஊர் இன்னார், அவர் மனைவி, அவர் பிள்ளைகள் விரும்பிக் கேட்ட பாட்டு என்று காற்றில் வந்த அறிவிப்பு. மஸ்டர் ரோலில் மட்டுமே பெயர் கூப்பிடப்பட்ட மனிதனுக்கு, கடல் தாண்டி ஒருவர் தன் பெயரை மரியாதையாகச் சொன்னது எப்படி இருந்திருக்கும்? பாட்டு மூன்று நிமிடம். பெயர் மூன்று நொடி. பலர் காத்திருந்தது அந்த மூன்று நொடிக்காகத்தான்.

ஆனால் அதே இலங்கையில் தேயிலைத் தோட்டத் தமிழருக்கு என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டி படுக்கையோடு அவர்கள் கொண்டுவந்தது தோட்டத்துப் பாட்டுகள். கங்காணியின் கொடுமையும், கொழுந்துக் கூடையின் பாரமும், கடல் கடந்து வந்த துயரமும் அந்தப் பாட்டுகளில் இருந்தன. அவற்றைத் தேடி எழுதி வைத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தொழிற்சங்கவாதி, எழுத்தாளர். சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா என்று அவர் நினைக்கவில்லை. பாட்டை எழுதி வைப்பதும் சங்க வேலைதான் என்று நினைத்தார்.

நம் மாநிலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1958 மே மாதம் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் பெரும் பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறி வந்தார். தெரிந்த சினிமா மெட்டுகளில் தொழிலாளியின் குறைகளை வைத்துப் பாடினார். கூடப் பாட வந்த தம்பிக்கு வயது 14. அந்தத் தம்பிதான் 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் தமிழ்நாடு முழுவதும் அறிந்த இளையராஜா. ரோசம்மா வெற்றி பெற்றார். அந்த வெற்றியில் பாட்டுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

சில தோழர்கள், "சினிமாப் பாட்டு முதலாளி விற்கிற சரக்கு, அதை நெஞ்சில் வைத்துக்கொள்வது தொழிலாளிக்கு அழகா?" என்று கேட்பார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எண்ணிப் பார்க்கச் சொல்வோம். 1930இல் பிறந்து 1959இல், 29 வயதில் மறைந்தவர். பல தொழில் பார்த்தவர். விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர். 'நாடோடி மன்னன்' படத்தில், தம்பியைத் தூங்கிவிடாதே என்று எழுப்புகிற அந்தப் பாட்டை எழுதியவர் அவர்தான். படம் எடுத்தவர் யாராயினும் ஆகட்டும். முதல் ஷிப்டுக்குப் பிள்ளையை எழுப்பும்போது அந்தப் பாட்டைப் பாடிய தகப்பன்மார் எத்தனை பேர்! சரக்கு முதலாளியுடையதாக இருக்கலாம். அதற்கு நாம் கொடுத்த பொருள் நம்முடையது.

அதற்காக எல்லாப் பாட்டையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணை இழிவு செய்யும் பாட்டு உண்டு. அண்மைக் காலமாக நம் கல்யாண வீடுகளில் சாதிப் பெருமை பேசும் பாட்டுகள் ஒலிபெருக்கியில் கேட்கின்றன. ஒரே வரிசை வீடுகளில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே கூலிக்கு உழைக்கிறோம். இங்கே வந்துமா அந்தப் பாட்டு? ஒருவர் வீட்டு மகிழ்ச்சி பக்கத்து வீட்டுக்காரரைத் தலைகுனிய வைக்குமானால் அது மகிழ்ச்சியல்ல. அப்படிப்பட்ட பாட்டு ஒலிக்கிற இடத்தில் சங்கத்தின் கொடி பறக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நம்மைப் 'பாண்டி' என்று ஏளனமாகக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். நம் பாட்டையும் அப்படியே கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பாட்டுக்கு எல்லை கட்ட முடியுமா? தமிழர் நெஞ்சில் ஆயிரம் பாட்டுக்கு மெட்டுப் போட்டு வைத்த எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். யேசுதாஸ் 1940இல் இதோ பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். 'பொம்மை' படத்தின் மூலம் 1964இல் தமிழுக்கு வந்தார். சுசீலாவும் ஜானகியும் ஆந்திரத்திலிருந்து வந்தார்கள். இந்தத் தெருக்களில் கல்யாண வீடு கல்யாண வீடாகப் பாடி, 1981இல் மறைந்த மெஹபூபை மட்டாஞ்சேரி மக்கள் இன்றும் சொந்த அண்ணனைப் போல நினைக்கிறார்கள். 'செம்மீன்' படத்தின் கடற்கரைப் பாட்டுகளுக்கு இசையமைத்த சலீல் சௌத்ரி வங்காளி. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் சேர்ந்துதான் இந்தப் பாட்டுகளை உண்டாக்கினார்கள். இன்று வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இரவில் கைபேசியில் தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்கிறார்கள். அதைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரித்தால், நம்மை ஏளனம் செய்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

கடைசியாக, இந்தக் கூட்டத்தைக் கூட்டியதற்கான காரணத்துக்கு வருவோம்.

நம் தாய்மார்கள் தாலாட்டுப் பாடினார்கள். தாலாட்டில் தாய்மாமன் வருவார். சீர் கொண்டு வருவார். அவர் ஊர்ப் பெயர் வரும். இந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி தாம் பேத்திக்குப் பாடும் தாலாட்டில் மாமனை வெண்டுருத்திப் பாலத்தின் மேல் ரயிலில் வரவழைக்கிறார். கேட்டு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதில் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது! அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த இசைத்தட்டிலும் இல்லை. பேத்தி மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். நன்றாகப் படிக்கட்டும், இந்த மண்ணின் மொழி அவளுக்குச் சோறு போடும். ஆனால் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பாட்டி போனால் பாலமும் ரயிலும் மாமனும் சேர்ந்தே போய்விடும்.

பேராசிரியர் நா. வானமாமலை தமிழகக் கிராமங்களின் பாட்டுகளைத் திரட்டி 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று புத்தகமாகத் தந்தார். அவரோடு தேடித் திரிந்து உதவியவர்கள் பெரும் பண்டிதர்கள் அல்லர். பாட்டைக் காதால் கேட்டு, கேட்டபடி எழுதத் தெரிந்தவர்கள். அது நம்மாலும் முடியும்.

ஆகவே மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தில் ஒரு பாட்டு நோட்டு திறப்போம். பாட்டு, பாடியவர் பெயர், எந்த ஊர், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது என எல்லாவற்றையும் எழுதுவோம். பெண்களின் பாட்டு முதலில். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. பாடுபவர் சம்மதித்தால் கைபேசியில் பதிவும் செய்வோம். சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப வேண்டாம். அழுது பாடியது வேடிக்கைப் பொருள் ஆகக் கூடாது.

இரண்டாவது, அந்த நோட்டை எழுதப்போவது நம் பிள்ளைகள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கும். அரிச்சுவடி வேண்டாம், பாட்டியின் பாட்டே பாடப்புத்தகம்.

மூன்றாவது, ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழு கூப்பிட வேண்டுமென்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்கள் ஆசை தவறல்ல. ஆனால் ஒரே இரவில் கரையும் அந்தப் பணத்தில் வகுப்புக்கு ஓராண்டு விளக்கும் பலகையும் நோட்டும் வாங்கலாம். மேடையில் நம்மவர்களே பாடட்டும். சுருதி விலகினால் என்ன? பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவோம். இன்ன ஊர், இன்னார் மகள், இன்ன தொழில் என்று மரியாதையாகச் சொல்லிக் கூப்பிடுவோம்.

இளைஞர்கள் மறுத்துப் பேசட்டும். கேட்டு முடிவு செய்வோம். இன்னும் பாடாதவர்கள் பின்வரிசையில் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் வேண்டும் என்பதால் நாம் இத்துடன் உட்காருகிறோம்.