யாருக்கு எந்த உடுப்பு
(பி.கே. ரோசி நினைவுரை, மணவாளக்குறிச்சி)



ரோசியின் நினைவில் நடக்கும் இந்த உரையை மணவாளக்குறிச்சியில் வைப்போம் என்று முடிவானதும் சிலர் கேட்டார்கள்: அவருக்கும் இந்தக் கருமணல் ஊருக்கும் என்ன தொடர்பு? நேரான தொடர்பு எதுவும் இல்லை. அவர் திருவனந்தபுரத்து நந்தன்கோட்டில் பிறந்தவர். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தவர். ஆனால் இந்தக் கரையில் நடந்த ஒரு சரித்திரப் படத்தின் படப்பிடிப்புக்கு எங்களில் பலர் கூட்டத்தில் நிற்கப் போயிருந்தோம். அங்கே பார்த்ததைப் பிறகு பேசப் பேச, பேச்சு ரோசியிடம்தான் போய் நின்றது.

இந்த உரையை ஒரு ஆள் எழுதவில்லை. வாசிப்பு வட்டத்தில் ஆறு பேர் உட்கார்ந்து, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி எழுதியது. படிக்கிற குரல் மட்டும் ஒருவருடையது.

நம் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் 1900இல் பிறந்தவர் ஜே.சி. டேனியல். அடிமுறையிலும் வாள்வீச்சிலும் தேர்ந்தவர். வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். சொத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ஒரு ஸ்டூடியோ போட்டு, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதுதான் முதல் மலையாளப் படம். 1930இல் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியானது. 1928 என்று எழுதிய நூல்களும் உண்டு. கதாநாயகி ஒரு நாயர் பெண். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமல் திரும்பிப் போனபின் அந்த வேடம் ரோசிக்குக் கிடைத்தது. ரோசி புலையர் சமூகத்துப் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர்.

பிறகு நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். பெரிய மனிதர்கள் அவரோடு ஒரே கொட்டகையில் உட்கார மாட்டோம் என்றார்கள். கதாநாயகன் அவர் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் திரையில் கல் விழுந்தது. அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவிலுக்கு வந்தார். அந்த லாரி ஓட்டியவரையே மணந்துகொண்டு, சினிமாவைப் பற்றி வாய் திறக்காமல் வாழ்ந்து முடித்தார்.

எல்லோரும் அந்த முத்தக் காட்சியைத்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய ஒன்று: உடுப்பு. காலையில் வந்து நாயர் பெண்ணின் உடுப்பை உடுத்தி, கேமரா முன் நின்று, சாயங்காலம் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குடிசைக்குத் திரும்பினார் ரோசி. குற்றம் அந்த உடுப்பில்தான் தொடங்கியது.

திருவிதாங்கூரில் உடுப்பு என்பது சொந்த விருப்பமாக இருந்ததே இல்லை. அது சட்டம். தோள்சீலைப் போராட்டத்தை நம் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த அரசாணையின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் கூடாது. அரை நூற்றாண்டு அடிவாங்கிப் பெற்ற உரிமையின் வாலில் இப்படி ஒரு முடிச்சு. அந்தப் போராட்டத்தை நடத்திய சமூகத்தில் பிறந்த டேனியல், அந்த ஆணை வந்து 71 ஆண்டு கழித்து, அதைவிடக் கீழே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, ‘கூடாது’ என்ற அதே உடுப்பை உடுத்திக் கேமரா முன் நிறுத்தினார். படம் நன்றாக இருந்ததா என்பது வேறு கேள்வி. இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நாம் நினைக்க வேண்டும்.

இப்போது அடுத்த படத்துக்கு வருவோம். 1933. அதே திருவனந்தபுரம், அதே கேப்பிட்டல் தியேட்டர். படம் ‘மார்த்தாண்ட வர்மா’. மலையாளத்தில் இரண்டாவது படம், முதல் சரித்திரப் படம். தயாரித்தவர் ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவில்காரர், டேனியலின் உறவினர். இயக்கியவர் பி.வி. ராவ். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவல்தான் கதை.

காசில்லாமல் சரித்திரப் படம் எடுப்பது எப்படி என்பதற்கு அந்தப் படத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. யானை, படை, பரிவாரம் எல்லாம் வாடகைக்கு எடுக்க முடியுமா? திருவனந்தபுரத்தில் அப்போது ஆண்டுகொண்டிருந்த சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆராட்டு ஊர்வலத்தை அப்படியே படம்பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டு அரசனுக்கு 20ஆம் நூற்றாண்டு அரசன் ஓசியில் படை கொடுத்தான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அதற்கு மூன்று ஆண்டு முந்திய அந்த ஊர்வலத்தில் நம்மவர் யாரும் நடந்திருக்க வழியில்லை என்பதையும் சேர்த்தே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

நாவலில் ஒரு பாத்திரம் உண்டு: பிராந்தன் சான்னான், அதாவது பைத்தியக்காரச் சாணான். இளவரசனைக் கொல்ல அலைபவர்களிடமிருந்து அவனை மறுபடி மறுபடி காப்பாற்றுகிறவன். கடைசியில் தெரிகிறது, அவன் சாணானே இல்லை. அனந்தபத்மநாபன் என்ற நாயர் வீரன், மாறுவேடத்தில் திரிந்தவன். படித்தவர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள், இன்றும் தட்டுகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்சாதிக்காரன் கீழ்சாதியின் உடுப்பில் வந்தால் வீரம். கீழ்சாதிக்காரி மேல்சாதியின் உடுப்பில் வந்தால் கல். இரண்டும் வேடம்தான், இரண்டும் கதைதான். ஒன்றைக் கழற்றினால் உள்ளே நாயர் இருக்கிறான் என்பது பார்ப்பவனுக்கு நிம்மதி. மற்றதைக் கழற்றினால் உள்ளே புலையப் பெண் இருக்கிறாள் என்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு படத்துக்கும் பிறகு நடந்ததும் ஒரு செய்திதான். ‘மார்த்தாண்ட வர்மா’ பதிப்புரிமை வழக்கில் மாட்டி, சில நாட்களிலேயே நின்றது. படச்சுருள் நாவலைப் பதிப்பித்த கமலாலயா புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. இன்று புனேயில் பத்திரமாக இருக்கிறது. ‘விகதகுமாரன்’ ஒரு அடிகூட இல்லை. டேனியலின் இளைய மகன் சிறுவனாக இருந்தபோது அந்தச் சுருள்களைக் கொளுத்தி விளையாடியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வழக்கில் தோற்ற அரசனுக்குப் பெட்டகம் கிடைத்தது. ரோசி திரையில் எப்படி நடந்தார் என்பதை இனி யாரும் பார்க்க முடியாது. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. நல்லது. வரைந்துதான் வைக்க முடியும்.

இனி நம் கரைக்கு வருவோம். எந்தப் படம், யார் கம்பெனி என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஆளைப் பிடிப்பது எங்கள் நோக்கம் இல்லை. குளச்சல் போர்தான் கதை. 1741இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த கதை. குளச்சல் இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்தக் கரையில் தூரத்தில் கட்டடம் தெரியாது என்பதால் இங்கே வந்தார்கள்.

சின்ன பட்ஜெட் படத்தில் படை என்றால் முப்பது, நாற்பது பேர். கேமராவுக்கு முன்னால் ஓடி, பின்பக்கமாகச் சுற்றி வந்து, மறுபடி ஓட வேண்டும். காலையில் திருவிதாங்கூர்க்காரனாகச் செத்தவன், மதியம் சிவப்புக் கோட்டு மாட்டி டச்சுக்காரனாகச் செத்தான். வாள் அலுமினியத் தகடு, கேடயம் ஃபைபர், பீரங்கி பிவிசி குழாயில் கறுப்புப் பெயின்ட். ராஜாவின் உடுப்பு நாடகக் கம்பெனிக்கு வாடகைக்குப் போகிற வெல்வெட்டும் ஜிகினாவும். போன மாதம் அதே உடுப்பு கட்டபொம்மனாக இருந்திருக்கும். வேட்டியும் நேரியலும் உடுத்திய நாட்டில் இந்த வெல்வெட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ராஜாவுக்குச் சரித்திரம் பார்ப்பதில்லை, அழகு பார்க்கிறார்கள்.

சரித்திரம் பார்ப்பது நம்மிடம்தான். படைவீரன் செருப்புப் போடக்கூடாது, அந்தக் காலத்தில் ஏது செருப்பு என்றார்கள். சரிதான். ஆனால் இது மணவாளக்குறிச்சி. இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கலந்த மணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தது இங்கேதான். பத்து மணிக்கு மேல் அந்தக் கருமணலில் வெறுங்காலோடு நின்றவனுக்குத்தான் தெரியும். ஷூ போட்ட யூனிட்காரர்கள் ‘ஒன் மோர்’ என்று ஒன்பது முறை சொன்னார்கள். ஆளைப் பிரித்ததும் நிறத்தை வைத்துத்தான். வெளுத்தவன் டச்சுக்காரன் அல்லது அரண்மனை ஆள். கறுத்தவன் முன்வரிசையில் சாகிறவன், அல்லது சுமை தூக்குகிறவன்.

பெண்கள் பக்கம் வேறு மாதிரி நடந்தது. அதுதான் இந்த உரைக்கே காரணம். அடிமைச் சந்தைக் காட்சி ஒன்று இருந்தது. அதற்கு வந்த பெண்களுக்கு உடுப்பு உதவியாளர் ஒரு பெட்டியைத் திறந்து, கல்லும் கண்ணாடி மணியும் கோத்த கனமான மாலைகளை எடுத்து நீட்டினார். கையில் இருந்த போனில், தர்ஸ்டன் காலத்துப் புகைப்படம்போல் ஒன்று. அதைப் பார்த்துத்தான் செய்திருந்தார்கள். உழைத்துத் தேடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வட்டத்து மாணவி ஒருத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “அண்ணா, இது கல்லுமாலை. இதை நான் போட மாட்டேன்.”

“ரெண்டே ஷாட்தாம்மா. அப்புறம் கழற்றிடலாம்.”

“கழற்றியாச்சு அண்ணா. 1915லயே.”

உதவியாளருக்குப் புரியவில்லை. அவர்மேல் கோபமும் இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: திருவிதாங்கூரில் புலையப் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக்கூடாது, கல்லுமாலைதான் அவர்கள் சாதிக்கு அடையாளம். அதை அணிய மாட்டோம் என்று பெரிநாட்டில் கிளம்பிய கிளர்ச்சி கலவரமானது. அய்யன்காளி கொல்லத்துக்கு வந்தார். 1915இல் அங்கே ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் நடந்த கூட்டத்தில், அவர் சொன்னதும் பெண்கள் எழுந்து கழுத்து மாலைகளை அறுத்து எறிந்தார்கள்.

பக்கத்தில் நின்ற வயதான அக்காவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆனாலும் மாலையைத் தொடாமலே சொன்னாள்: “இந்தப் பிள்ள போடலேன்னா எனக்கும் வேண்டாம். வெயில்ல கல்லு சுடும்.” இந்த இரண்டாவது காரணமும் எங்களுக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலையில்லாமலே காட்சி எடுத்தார்கள். வட்டத்தில் சண்டை பிறகுதான் வந்தது. நாடகம் படிக்கும் ஒரு தம்பி சொன்னான்: “அப்போ அந்தக் கொடுமையைக் காட்டவே கூடாதா? ரவிக்கை போட்டு, மாலை கழற்றி, எல்லோரையும் ஒரே மாதிரி நிறுத்தினா, அப்படி ஒரு காலமே இல்லன்னு ஆயிடாதா?” இது லேசான கேள்வி இல்லை. இரண்டு கூட்டம் பேசியும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

பெரும்பான்மையாக நாங்கள் வந்து நின்ற இடம் இது. காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் அந்த மாலைக்குக் கதையில் என்ன வேலை என்று கேட்போம். ‘தங்கலான்’ படத்தில் ரவிக்கை இல்லாத பெண்களைக் காட்டினார்கள். முதன்முதலாக ரவிக்கை கைக்கு வருகிற நாளையும் காட்டினார்கள். உடுப்பு அங்கே கதையின் உள்ளே இருக்கிறது. எங்கள் கரையில் எடுத்த காட்சியில் அந்தப் பெண்களுக்கு ஒரு வரி வசனம் இல்லை, பெயர் இல்லை. ராஜா குதிரையில் போகும்போது பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டியவர்கள். மங்கலாகத் தெரிவதற்கு எதற்கு அவ்வளவு துல்லியமான கல்லுமாலை? அறுத்து எறிகிற காட்சி இருக்கிற படத்துக்கு, அதே மாணவி அதைப் போட்டுக்கொண்டு எத்தனை ‘டேக்’ வேண்டுமானாலும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கூலி பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏஜென்ட் வழியாக வந்தது. ஏஜென்ட் கையில் கொஞ்சம் தங்கியது. சென்னையில் துணை நடிகர்களுக்குச் சங்கம் உண்டு, ஊர்க் கூட்டத்துக்கு எதுவும் கிடையாது. படம் வெளிவந்தால் கடைசியில் ‘நன்றி: ஊர்ப் பொதுமக்கள்’ என்று போடுவார்கள். அன்று நின்ற எல்லோருடைய பெயரையும், எந்தக் காட்சியில் என்ன உடுப்பில் நின்றார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். படச்சுருள் எரிந்தாலும் நோட்டு இருக்கட்டும்.

இன்னொரு படத்துக்கு ஆள் வேண்டும் என்று போன வாரம் அதே ஏஜென்ட் வந்தார். இதுவும் ராஜா கதைதானாம். போக மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கேமராவும் லென்ஸும் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? மூன்று விஷயம் கேட்டோம். கூலி நேராகக் கையில் வேண்டும். மணலில் நிற்கிறவர்களுக்கு ஷாட் இல்லாத நேரம் செருப்பும் நிழலும் வேண்டும். உடுப்புப் பெட்டியை முதல் நாளே எங்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் அவர் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும், “அது டைரக்டர்கிட்ட கேக்கணும்” என்று போனவர், இன்னும் பதில் சொல்லவில்லை.