சிம்பயோசிஸ்னா ரெண்டு பேருக்கும் லாபமா?

ஸ்கூல்ல லைக்கன் பாடத்துல சிம்பயோசிஸ் படிச்சது ஞாபகம் இருக்கா? ரெண்டு உயிர், ரெண்டுக்கும் லாபம்னு மனசுல பதிஞ்சிருக்கும். இப்போ ரூம்மேட், பார்ட்னர் பத்திப் பேசும்போதும் அந்த அர்த்தத்துலதான் சொல்றோம்.

ஆனா கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'பயோஸ்' என்றால் வாழ்க்கை. சேர்ந்து வாழ்வது, அவ்ளோதான். கணவன், மனைவியைக்கூட இதே வேரில் பிறந்த சொல்லால் குறித்தார்கள்.

ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1879-ல் இதற்குக் கொடுத்த விளக்கமும் அப்படித்தான்: வெவ்வேறு வகை உயிரினங்கள் சேர்ந்து வாழ்வது. லாபம்ங்கிற பேச்சே இல்லை. ஒட்டுண்ணியும் அதுல சேர்த்தி! இன்னொரு ஆச்சரியம். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று சொன்னவர் சைமன் ஷ்வென்டனர். 1869-ல் அவர் எழுதியபோது பூஞ்சையை எஜமானாகவும் பாசியை அடிமையாகவும்தான் வர்ணித்தார். நம்ம பாடப்புத்தகத்துல அது அழகான நட்பு!

இரண்டு பக்கமும் பயன் இருந்தால் அதற்குத் தனிப்பெயர் உண்டு, மியூச்சுவலிசம். அதனால யாராவது 'நாங்க சிம்பயோட்டிக்'னு சொன்னா, பாத்திரம் யார் கழுவுறாங்கன்னு நான் முதல்ல கேட்பேன்.