போய் வா



வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது "போகிறேன்" என்று சொல்கிறார்களா? இல்லை. "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பவரும் "போ" என்று சொல்வதில்லை. "போயிட்டு வா மக்களே" என்கிறார். மலையாளம் பேசும் வீட்டில் "போயிட்டு வராம்" என்பார்கள். "போயிட்டு வா மோளே" என்று அனுப்புவார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் இரண்டு மொழியும் கேட்கும். வாழ்த்து மட்டும் ஒன்றுதான்.

இந்த வாழ்த்து எப்படி வந்தது?

"அவர் போய்விட்டார்" என்றால் இறந்துவிட்டார் என்றும் பொருள் உண்டு. அதனால் "போகிறேன்" என்ற சொல் தனியாக நின்றால் மனம் பதறுகிறது. கூடவே "வருகிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் ஆறுதல். இப்படி நல்ல சொல்லால் சொல்வதற்கு மங்கல வழக்கு என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூலிலும் இது வருகிறது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பார்கள். சுடுகாட்டை நன்காடு என்பார்கள். "விளக்கை அணை" என்று சொல்லாமல் "விளக்கைக் குளிரவை" என்று சொல்லும் பாட்டிமார் உண்டு. "போய் வருகிறேன்" என்பதும் இந்த வகைதான்.

அந்தக் காலத்தில் பயணம் எளிதல்ல. நடந்தோ மாட்டு வண்டியிலோ போக வேண்டும். வழியில் ஆறு, காடு. காலரா, அம்மை போன்ற நோய்கள். போனவர் திரும்பி வந்து சேர்ந்தால்தான் நிம்மதி. அந்தக் கவலைதான் வாழ்த்தாக மாறியது.

மற்ற நாட்டு மக்களுக்கும் இதே கவலை இருந்தது. இலங்கையில் சிங்களம் பேசுவோர் "போய் வருகிறேன்" என்ற பொருளில்தான் விடைபெறுகிறார்கள். ஜப்பானில் வீட்டை விட்டுப் போகிறவர் சொல்லும் சொல்லுக்கும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் "குட்பை" என்கிறோமே, அது "கடவுள் உன்னோடு இருக்கட்டும்" என்ற வாழ்த்து தேய்ந்து வந்த சொல்.

ஓர் இடத்தில் மட்டும் இதைச் சொல்லக்கூடாது என்பார்கள். அது துக்க வீடு. அங்கே "போய் வருகிறேன்" என்றால், இன்னொரு துக்கத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் சொல்லாமல் வந்துவிடுவார்கள். பெரியோர்களே, சிறு பிள்ளை தெரியாமல் "போகிறேன்" என்று சொன்னால் அடிக்க வேண்டாம். சொல்லால் யாருக்கும் கேடு வராது. அன்பாகத் திருத்தினால் போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "போய் வா" என்பதில் இரண்டு சொற்கள் உண்டு. "போ" என்பது அனுமதி. "வா" என்பது வாக்கு. "நீ வரும்போது இந்தக் கதவு திறந்திருக்கும்" என்ற வாக்கு.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை பிரிந்தது. விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டிப் பெண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழப் போகிறார்கள். கல்யாணம் முடிந்து மகள் புறப்படும்போது தாய் கண் கலங்கிச் சொல்கிறாள்: "போயிட்டு வா மக்களே."

அந்த மகள் ஒரு நாள் அடிபட்டு, அழுதுகொண்டு வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் நகை கொண்டு வா, பணம் கொண்டு வா என்று அவளைத் துன்புறுத்துகிறார்கள். அப்போது என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கொள். ஊர் என்ன சொல்லும்? திரும்பிப் போ" என்கிறோம். அன்றைக்கு "வா" என்ற சொல் எங்கே போனது? ஊர் பேச்சுக்குப் பயந்து கொடுத்த வாக்கை மறக்கலாமா?

வாக்கைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வரதட்சணை கேட்பது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005இல் தனிச் சட்டம் வந்தது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறையே. புகுந்த வீடு எல்லைக்கு அப்பால் இருந்தாலும் அலைய வேண்டாம். அந்தப் பெண் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் பார்ப்பதில்லை. உதவி கேட்க 181 என்ற எண் இருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

தாய்மார்களே! எழுதப் படிக்கக் கற்றவர்கள் இதையும் செய்யுங்கள். மகள் புறப்படும்போது ஒரு தாளில் வீட்டு விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அதன் கீழே 181 என்று எழுதுங்கள். நகையோடு அதையும் பெட்டியில் வையுங்கள். வேலைக்காக வெளியூர் போகும் மகனுக்கும் விலாசம் எழுதிக் கொடுங்கள்.

பிறகு வாய் நிறையச் சொல்லுங்கள், "போயிட்டு வா" என்று. வந்தால், ஏன் வந்தாய் என்று கேட்பதற்கு முன்னால் சோறு போடுங்கள்.